ஆடு தின்ற சர்க்யூட்

எங்கள் ஆபீஸ் கதவில் ‘உள்ளே வரலாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறோம். இசக்கிக்கு அதைப் படிக்கப் பொறுமையில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் அரிவாளால் ஒரே வெட்டு வெட்டி, மிச்சக் கதவைக் காலால் உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். புதுத் தாழ்ப்பாள் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லையே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

“எங்க அவன்?”

சட்டையில்லாத உடம்பு. தூக்கம் கெட்டுச் சிவந்த கண். கையில் இருந்த அரிவாள் அப்போதுதான் சாணை பிடித்தது.

மாயகிருஷ்ணன் சார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “யாரு காணாமப் போயிட்டாங்க? உக்காருங்க, புகார் எழுதிக்கிடுதேன்” என்றார்.

“வேல்சாமி இங்கனதான் இருக்கான்னு பரமசிவன் மொதலாளி சொல்லிட்டாவ. அவனையும் வெட்டுவேன், ஒளிச்சு வச்சவனையும் வெட்டுவேன்.”

“என்னை எதுல சேப்பீக? நான் டைப்பு அடிக்கிறவ மட்டும்தான்” என்றேன் நான். என் வாய் அப்படி. சம்பளமே அதற்குத்தான் என்று சார் சொல்லுவார்.

இந்த இடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது எண்பத்து நாலாம் வருஷம், பங்குனி மாதம். கோவில்பட்டி பஜாரில் எங்கள் துப்பறியும் ஆபீஸ். சார், பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கராக இருந்து, முதலாளி மகனுக்கே அபராதம் போட்டு வேலையை இழந்தவர். நான் முத்துமாரியம்மாள், மாரி. இசக்கியின் அண்ணன் பிச்சையா, ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருந்து ஆடு ஓட்டி வந்து, புதூர் தாண்டி மேலக்கரிசலில் பரமசிவன் முதலாளி நிலத்தில் எருவுக்குக் கிடை போட்டிருந்தவன். முந்தாநாள் காலையில் அந்த ஊர்க் கிணற்று மோட்டார் ரூம் வாசலில் குண்டு வெடித்துச் செத்துப்போனான். வெடித்த இடத்தில் ரேடியோ சாமான் கிடந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒரே ரேடியோ மெக்கானிக் வேல்சாமி. போதாக்குறைக்கு, போன வாரம் புதூர்ச் சந்தையில் ரேடியோ ரிப்பேர் சரியில்லை என்று பிச்சையா அவனைச் செருப்பால் அடிக்க, “உன்னைத் தீத்துக்கட்டாம விடமாட்டேம்லே” என்று வேல்சாமி அத்தனை பேர் முன்னால் கத்தியும் இருந்தான். அப்புறம் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த வேல்சாமி அன்று விடிந்ததும் எங்களிடம் ஓடிவந்து, “நான் செய்யல, என்னைக் காப்பாத்துங்க” என்று சார் காலைப் பிடித்து அழுதான். இப்போது பீரோவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடித்த மூச்சு நிற்கவில்லை. தும்மிவிட்டான்.

இசக்கி பீரோவையே கீழே தள்ளினான். வேல்சாமியை முடியைப் பிடித்து இழுத்து, அவன் இடது கையை மேஜையில் வைத்து அமுக்கினான். “இந்தக் கைதானேலே எங்கண்ணனைக் கொன்னுச்சு?” இரண்டு விரலைச் சேர்த்துப் பின்னால் மடக்கினான். பருத்திமார்க் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வேல்சாமி போட்ட கத்தலில் கீழே பஜாரில் சைக்கிள்கள் நின்றன.

நான் பேப்பரில் ஓட்டை போடும் இரும்பு மெஷினை எடுத்து இசக்கியின் பிடரியில் போட்டேன். அவன் திரும்பிப் பார்க்காமலே விட்ட அறையில் என் கீழுதடு கிழிந்தது. வாயெல்லாம் ரத்தம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அறைக்கு எனக்குக் கோபம் ஆறவில்லை.

“வெட்டுதவன் சாட்சியோட வெட்டணும்” என்றார் சார். குரல் உயரவில்லை. “இவன்தான்னு எப்படிச் சொல்லுத?”

“சாட்சியா? இந்தா.” இசக்கி மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து மேஜையில் உதறினான். உள்ளங்கை அளவுக் காகிதம். மஞ்சள் நோட்டீஸ் தாள். ஒரு பக்கம் ‘அம்மன் கொடை’ என்று கோயில் திருவிழா அச்சு. பின்பக்கம் விரல் அகலத்தில் கறுப்புக் கோடு. ஓரமெல்லாம் ரத்தமும் எச்சிலும் காய்ந்திருந்தன. “இந்தக் கறுப்பு மையை இவனைத் தவிர எவன் செய்வான்? ரேடியோ குடுத்த அத்தனை பேருக்கும் தெரியும்.”

வேல்சாமி மறுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே முனகினான். “பழைய பேட்டரிக் கட்டைக்குள்ள கரிக்குச்சி இருக்கும்லா? அதை இடிச்சு மாவாக்கி, ஸ்பிரிட்டுல கரைச்ச அரக்குல கொழைப்பேன். கம்பி அத்துப்போன இடத்துல அதால ஒரு கோடு போட்டா, கோட்டுலயே கரண்டு போவும். ரேடியோவுக்குத்தான் அண்ணாச்சி போடுதேன், குண்டுக்கு இல்ல.”

சார் காகிதத்தை முகர்ந்து பார்த்தார். “இது உனக்கு எங்க கெடச்சுது இசக்கி?”

“செத்த கெடா வாயில. அண்ணனைப் பொறுக்கிச் சாக்குல கட்டும்போது, கெடா தலை தனியாக் கெடந்துச்சு. பல்லுக்குள்ள இருந்து நான்தான் உருவுனேன்.”

“கீழ கெடந்தது இல்லையே? பல்லுக்குள்ள?”

“எத்தனை தடவை சொல்ல? பல்லுக்குள்ள!”

சார் முதல் தடவையாக எழுந்தார். “மாரி, முகத்தைத் தொடச்சுக்கோ. கீழ போயி ஒரு ஆட்டை விசாரிக்கணும்.”

*

கோவில்பட்டி பஜாரில் பங்குனி மாதம் ஆட்டுக்குப் பஞ்சமில்லை, புல்லுக்குத்தான் பஞ்சம். எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளாடுகள் முன்காலைத் தூக்கி வைத்துச் சினிமா போஸ்டரை உரித்துக்கொண்டிருந்தன. கதாநாயகன் இடுப்பு வரை காலி.

வேல்சாமியின் சட்டைப் பையில் எந்நேரமும் அவன் மைப்பாட்டில் இருக்கும். சார் ஒரு வெள்ளைத் தாளில் அந்த மையைத் தடவி, வெயிலில் காட்டிக் காயவைத்து, ஆட்டின் முன்னால் நீட்டினார். ஆடு முகர்ந்தது. தும்மியது. தலையைத் திருப்பிக்கொண்டது. மற்ற ஆட்டிடம் நீட்டினார். அது ஒரு எட்டுப் பின்னால் போய், சாரின் மேல்பையில் இருந்த விசிட்டிங் கார்டை இழுத்துத் தின்றது.

“நம்ம கம்பெனியை மதிச்ச முதல் ஆளு” என்றேன்.

இசக்கி சிரிக்கவில்லை. வேல்சாமியின் கழுத்தில் வைத்த அரிவாளை எடுக்கவும் இல்லை. ஆனால் அவன் ஆட்டுக்காரன். தாளையே பார்த்தான். அவனே ஒரு தடவை நீட்டினான். ஆடு அவனுக்கும் முகத்தைத் திருப்பியது.

“ஏன் திங்கல?”

“அரக்கு, ஸ்பிரிட்டு. மனுசனுக்கே கொமட்டும். உன் கெடா பல்லுக்குள்ள வச்சு மென்ன மை மாவுப்பசையில கொழைச்சது. கரி அதே கரிதான், கை வேற” என்றார் சார். “இன்னொண்ணு. கதவு ரெண்டையும் சேத்து நோட்டீஸ் ஒட்டி, பின்னால கோடு போட்டிருக்கணும். கோட்டுல கரண்டு ஓடுத மட்டும் சும்மா இருக்கும். கதவைத் தொறந்தா நோட்டீஸ் கிழியும், கோடு அறும், வெடிக்கும். கதவைத் தொறக்க வேண்டியவனுக்கு முன்னால ஆடு வந்துட்டு.”

இசக்கியின் கை கொஞ்சம் இறங்கியது. “மோட்டார் ரூம் கதவைத் தெனமும் தொறக்குறது தாந்தான்னு பரமசிவன் மொதலாளி சொன்னாவ.”

“அப்ப அவருக்குத்தான் வச்சிருக்கான். ஒரு தடவை தப்புனவனை மறுதடவை விடமாட்டான். வண்டியில ஏறு.”

“இவனும் வாரான்” என்றான் இசக்கி, வேல்சாமியைக் காட்டி. “நீரு சொல்லுதது பொய்யாப் போச்சுன்னா, அண்ணன் செத்த எடத்துலயே இவனைப் போடுவேன்.”

*

எங்கள் ஜீப்பைத் தள்ளிவிட நாலு பேர் வேண்டும். அன்றைக்கு நாலு பேர் இருந்தோம். ஒருவன் கழுத்தில் இன்னொருவன் அரிவாள் வைத்தபடியே தள்ளியதுதான் வித்தியாசம். என் தாவணியைக் கிழித்து வேல்சாமியின் விரல்களைச் சேர்த்துக் கட்டினேன். வழி நெடுக ஒடிந்த விரலைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டே வந்தான். கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

மோட்டார் ரூமில் மூன்று சுவர்தான் மிச்சம். சுவரில் ரத்தம் கறுத்துப்போய் ஈ மொய்த்தது. வேப்பமரத்தில் ஆட்டுக் கொம்பு ஒன்று குத்திக்கொண்டு நின்றது. யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார்கள். வாய்க்கு எட்டிய கிண்டல் எல்லாம் அங்கே நின்றுபோனது.

புல்லட் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. பரமசிவன் வந்து இறங்கினார். தும்பைப்பூ மாதிரி வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. வந்ததும் வேல்சாமியின் வயிற்றில் ஓங்கி ஒரு மிதி. அவன் சுருண்டு விழுந்ததும் முதுகில் இன்னொன்று.

“ஏலே இசக்கி, கூடப் பொறந்தவன் சாக்குல போயிருக்கான். நீ இவனை இன்னும் நடமாட விட்டிருக்கியே, நீயெல்லாம் ஆம்பளையாலே?”

“கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. குண்டு உங்களுக்கு வச்சதுன்னு தோணுது” என்றார் சார்.

பரமசிவன் நெஞ்சில் கை வைத்தார். “எனக்கா? ஆத்தா காப்பாத்திட்டா. தெனமும் நாந்தான் விடிஞ்சதும் வந்து மோட்டாரைப் போடுவேன். அன்னைக்குன்னு பாத்து வண்டி ஸ்டார்ட் ஆகல, பிந்திட்டேன். எனக்கு எவன்வே பகையாளி?”

“அதைக் கண்டுபிடிக்கதுக்குள்ள வெளிய நடமாடாதீங்க. வீட்டுக்குப் போயிருங்க.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன், அநியாயமாகச் சாக இருந்தாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. மிதி வாங்கிய வேல்சாமியைத் தூக்கி நிறுத்தினேன்.

சார் உடைந்த கதவுப் பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒன்றில் நகத்தளவு மஞ்சள் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. “மாரி, இங்க வா. நீ எத்தனை வருசம் தீப்பெட்டி ஒட்டுன?”

“பாவாடை கட்டுன நாள்ல இருந்து.”

“இந்தப் பசையைப் பாரு.”

எச்சில் தொட்டுத் தேய்த்தேன். வெள்ளையாகக் கரைந்தது. “இதுல துத்தம் இல்ல சார்!”

இது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் இருந்து வீட்டுக்கு வீடு மாவு வாங்கி வந்து பசை காய்ச்சிப் பெட்டி ஒட்டுவோம். மாவோடு மயில்துத்தமும் தருவார்கள். அதைப் போடாவிட்டால் ராத்திரிக்குள் எலியும் கரப்பானும் பெட்டியைத் தின்றுவிடும். துத்தம் போட்ட பசை இளநீலமாக இருக்கும். ஆடுகூட வாய் வைக்காது. பெட்டி ஒட்டுகிற வீட்டில் எதை ஒட்டினாலும் அந்தப் பசைதான். பிள்ளை நோட்டுக்கு அட்டை போட்டாலும் நீலம்தான்.

“அதான் ஆடு தின்னிருக்கு” என்றார் சார். “துத்தம் இல்லாத பசை. இசக்கி, இந்த ஊர்ல தீப்பெட்டி ஒட்டாத வீடு எத்தனை?”

இசக்கி யோசித்தான். “எல்லா வீட்டுலயும் ஒட்டுதாவ. கிடை போட்டு ரெண்டு வருசமா பாக்குதேன். பெரிய வீட்டுல மட்டும்தான் அதைத் தொட மாட்டாவ.”

“பெரிய வீடுன்னா?”

“பரமசிவன் மொதலாளி வீடு.”

வேல்சாமிதான் முதலில் வாய் திறந்தான். “தை மாசம் அவிய ரேடியோவைக் கொண்டுவந்தாவ. நான் கோடு போடுததைப் பக்கத்துல இருந்து பாத்தாவ. கம்பி இல்லாம எப்படிலே கரண்டு போவுதுன்னு கேட்டாவ. நமக்கு ஒரு பெருமை வந்துட்டு... கரிதான் முக்கியம், பசை எதுன்னாலும் சரிதான்னு சொல்லிட்டேன்.”

“அவர் தனக்குத்தானே குண்டு வைப்பாரா சார்?” என்றேன்.

சார் கிணற்று மேட்டுக்கு நடந்தார். அங்கிருந்து வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தது. கிழக்கே போவது சேறு வைத்து அடைத்திருந்தது. மேற்கே போவது திறந்திருந்தது. குண்டு வெடித்த பிறகு மோட்டார் ஓடவே இல்லை. அதனால் மண்வெட்டி போட்ட தடம்கூடக் கலையாமல் கரிசல் இறுகிக் கிடந்தது. “இது யாரு நிலம், அது யாரு நிலம்?”

“கிழக்க பரமசிவன் மொதலாளிக்கு. மேற்க அவர் தம்பி கருத்தப்பாண்டிக்கு. கிணறு பொதுக்கிணறு. முறை வச்சுத் தண்ணி பாய்ப்பாவ. முறை முடிஞ்சவன் தன் வாய்க்காலை அடைச்சு, அடுத்தவன் வாய்க்காலைத் தொறந்து விட்டுட்டுத்தான் கரையேறணும். அது கட்டுப்பாடு.” சொல்லிக்கொண்டே வந்த இசக்கி நின்றுவிட்டான்.

“முதல் நாள் சாயங்காலம் பரமசிவனே தன் வாய்க்காலை அடைச்சுட்டாரு. அவர் முறை முடிஞ்சுட்டு. அன்னைக்குக் காலையில அவருக்கு இங்க சோலியே இல்ல. கதவைத் தொறக்க வேண்டியது தம்பி” என்றார் சார். “நான் செக்கரா இருந்தப்ப ஒண்ணு கத்துக்கிட்டேன். டிக்கெட் இல்லாதவன்தான், நான் தெனமும் வாரவன் சார்னு முதல்ல சொல்லுவான்.”

இந்த வறட்சியில் கிணற்றில் ஊறுவது ஒரு ஆளுக்கே பற்றாது. பங்கு ஒழிந்தால் தண்ணீர் முழுக்க ஒருவனுக்கு. அவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒரு மனுஷனைச் சாக்கில் அள்ள வேண்டியிருந்தது என்று எனக்கு உடம்பு எரிந்தது.

“தம்பி ஏன் அன்னைக்கு வரல?” என்றார் சார்.

“கயத்தாத்துல லாரி புடிச்சு மிளகா ஏத்திக்கிட்டு, பொஞ்சாதியோட மதுரைக்குப் போயிருந்தாரு. இன்னைக்கு விடியத்தான் ரெண்டு பேரும் வந்து கதவைச் சாத்திப் படுத்திருக்காவ. காலையில அந்த வழியாத்தான வந்தேன்... கதவுல...” இசக்கியின் முகம் வெளுத்தது. “கதவுல கொடை நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு.”

*

கருத்தப்பாண்டியின் வீடு தெருக் கோடியில். ஒரே வாசல். இரட்டைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கதவையும் சேர்த்து மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கதவு நிலைக்கு மேலே ஓட்டுக்கடியில் ஒரு டால்டா டப்பாவின் விளிம்பு தெரிந்தது.

மேய்ப்பவன் இல்லாமல் பிச்சையாவின் ஆடுகள் தெருவில் அலைந்துகொண்டிருந்தன. ஒரு பெட்டை ஏற்கெனவே வாசற்படியில் முன்காலை வைத்து நோட்டீஸின் அடி ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

இசக்கி ஓடவில்லை. ஓடினால் மிரண்டு இழுத்துவிடும். நாக்கை மடித்து, தொண்டையில் இருந்து ஒரு சத்தம் கொடுத்தான். அது அவன் அண்ணன் கொடுக்கும் சத்தம் என்று அவனே பிறகு சொன்னான். ஆடு திரும்பியது. அத்தனை ஆடும் அவனை நோக்கி வந்தன. தன் பின்னாலேயே அவற்றைக் கூட்டிக்கொண்டு தெரு முனைக்குப் போனான்.

உள்ளே தாழ்ப்பாள் அசைந்தது. “எவம்லே அது வாசல்ல?” பெண் குரல்.

“அக்கா, கதவைத் தொடாதீங்க!” என்று கத்தினேன்.

“என் வீட்டுக் கதவை நான் தொடப்படாதா? நீ யாருட்டி அதைச் சொல்லுததுக்கு? இடுக்கு வழியா எல்லாம் தெரியுது. அரிவாளோட ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து நிக்கீக. ஏங்க, எந்திரிங்க!”

“கதவுல குண்டு வச்சிருக்குக்கா!”

கதவு அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து மெல்லிய குரலில், “அதை மொதல்லயே சொன்னா என்னட்டி?” என்றாள். கருத்தப்பாண்டியின் மனைவி வெயிலுகந்தம்மாளுக்கு என்னைவிட வாய் என்று அப்போதே ஒத்துக்கொண்டேன்.

வேல்சாமி படியில் ஏறி நின்று நிலையைத் தடவினான். அழுகை நின்றிருந்தது. “டப்பாவைத் தொடப்படாது. இந்தா, நிலையில கோடு ஒண்ணு எறங்கி நோட்டீஸுக்குள்ள போவுது. அந்தப் பக்கம் ஒண்ணு வெளிய வந்து மேல ஏறுது. இந்த ரெண்டையும் நிலையிலயே சேத்துட்டா, பொறவு நோட்டீஸ் கிழிஞ்சாலும் கரண்டு நம்ம கோட்டு வழியாப் போவும்.”

“போடு” என்றார் சார்.

ஒடிந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் பிரஷ்ஷை எடுத்தான். நான் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். நிலையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு போட்டான். அதன்மேல் இன்னொரு பூச்சு. “ஈரமா இருந்தா வேலை செய்யாது. அரக்கு காயணும். ஒரு பீடி குடிக்க நேரம் ஆவும்.” நான் கிழிந்த உதட்டைக் குவித்து ஊதினேன். ஊத ஊத ரத்தம் வந்தது.

அப்போதுதான் பின்னால் இருந்து என் சடையை ஒரு கை பிடித்து இழுத்தது.

பரமசிவன். வீட்டுக்குப் போகவே இல்லை. இன்னும் சத்தம் வரவில்லையே என்று பார்க்க வந்திருந்தார். ஒரு கையில் என் முடி, மறுகை நோட்டீஸின் மேல் ஓரத்தில். வேல்சாமியைக் காலால் எத்திப் படியில் இருந்து உருட்டிவிட்டார்.

“எவனும் அசையப்படாது. கிழிச்சேன்னா எல்லாரும் காலி.”

தெரு முனையில் இருந்து இசக்கி ஓடிவந்தான். சார் கையைக் குறுக்கே நீட்டி அவனைத் தடுத்தார்.

“ஜீப் சாவியைப் போடும். இந்தப் புள்ளையை ஓட்டப்பிடாரம் தாண்டி எறக்கி விட்டுருதேன்.”

“உள்ள ஒம்ம தம்பி இருக்காரு” என்றார் சார்.

“என் வாய்க்கால்ல பாதியைத் தின்னவன் எனக்குத் தம்பியா? சாவியைப் போடும்வே!”

சார் நிலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “கிழியும் அண்ணாச்சி” என்றார்.

எனக்கு உயிரே இல்லை. பரமசிவனின் கை என் முடியில் இறுகியது. “என்ன, வெளையாட்டுன்னு நெனைக்கீரா?”

“இல்ல. கிழிய மட்டும்தான் செய்யும்னு சொல்லுதேன்.”

ஆத்திரத்தில் ஒரே இழுப்பு. தாள் கிழிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். கையில் இருந்த தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

நான் திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்தேன். பல்லில் எலும்பு தட்டும்வரை விடவில்லை. அதற்குள் இசக்கி வந்துவிட்டான். அரிவாள் முன்கையில் இறங்கியது. ரத்தம் கதவில் அடித்தது. அடுத்தது அரிவாளின் முதுகு, முழங்காலில். பரமசிவன் படியில் மண்டியிட்டு ஊளையிட்டார். மூன்றாவதுக்கு அரிவாள் கழுத்துக்கு மேலே போனது.

“இசக்கி!” சார் அவன் கையைப் பிடித்துத் தொங்கினார். “இவன் செத்தா ஊருக்கு வேல்சாமிதான் கொலைகாரன். நாளைக்கு வேற ஒருத்தன் அவனை வெட்டுவான். இவன் வாயால வரணும்!”

சத்தம் கேட்டுத் தெரு திரண்டுவிட்டது. கம்போடு வந்தவர்கள் முதலில் பார்த்தது வேல்சாமியைத்தான். “அந்தா நிக்கான் குண்டு வச்சவன்!” ஒரு கம்பு அவன் தலையை நோக்கி வந்தது. இசக்கி குறுக்கே விழுந்து அதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். “இவனைத் தொட்டவன் என்னைத் தாண்டிப் போவணும்லே!” என்று கத்தினான். காலையில் அந்த விரலை ஒடித்தவன் அவன்தான்.

நான் சாரின் காதோரம் போனேன். “காஞ்சிருக்கும்னு தெரியுமா சார்?”

“தெரியாது.”

“பொறவு எப்படி...?”

“நீ ஊதுனேல்லா, காயாம எங்க போவும்?” என்றார். அவர் நெற்றியில் வேர்வை ஓடியது. எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது, அழுகையும் வந்தது.

இசக்கி பரமசிவனின் முடியைப் பிடித்துத் தெருவைப் பார்க்க நிமிர்த்தினான். அரிவாள் நுனி தொண்டையில். “சொல்லு. எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

“நாந்தான்” என்றார் பரமசிவன். “தம்பிக்குத்தான் வச்சேன். வேல்சாமி இல்ல, நாந்தான் செஞ்சேன். அந்த ஆட்டுக்காரன் குறுக்க வந்துட்டான்.”

கம்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கதவு திறந்தது. கருத்தப்பாண்டி நின்று, ரத்தத்தில் கிடந்த அண்ணனைப் பார்த்தார். வெயிலுகந்தம்மாள்தான் காறித் துப்பினாள்.

“ஆட்டுக்காரன்னா?” என்றான் இசக்கி. “அவனுக்குப் பேரு இல்லையா? உன் நெலத்துல ரெண்டு வருசம் கிடை போட்டான். உன் மண்ணுக்கு எரு போட்டான். அவன் பேரைச் சொல்லு.”

பரமசிவன் அவனை அண்ணாந்து பார்த்தார். தெருவைப் பார்த்தார், யாராவது எடுத்துக் கொடுப்பார்களா என்று. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

இசக்கி வெட்டவில்லை. அரிவாள் கையிலிருந்து நழுவியது. அப்படியே தெருப் புழுதியில் உட்கார்ந்து, இரண்டு நாளாக அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதான். பெரிய சத்தமாக, குழந்தை மாதிரி. அவன் மேல் எனக்கிருந்த கோபத்தோடேயே நானும் அழுதேன்.

வேல்சாமி தள்ளாடி எழுந்து வந்து பரமசிவனின் முன்னால் நின்றான். சந்தையில் செருப்படி வாங்கியவன், தீர்த்துக்கட்டுவேன் என்று கத்தியவன். ஒடிந்த கையை நெஞ்சோடு பிடித்திருந்தான்.

“பிச்சையா” என்றான். “அவன் பேரு பிச்சையா.”